கசாய் ஆபரேஷனுக்குப் பிறகு: பத்து வருட நோட்டுப் புத்தகத்திலிருந்து

என் மகளுக்கு இப்போது பத்து வயது. பிறந்த 63ஆம் நாளில் அவளுக்குப் பித்தக்குழாய் அறுவை சிகிச்சை நடந்தது. பிலியரி அட்ரீசியா என்று டாக்டர்கள் சொல்லும் நோய். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் இறங்குகிற குழாய் தழும்பேறி அடைத்துப்போய்விடும். அந்தக் குழாயை எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய்க் கல்லீரலின் வாசலிலேயே தைத்துவிடுவார்கள். 1950களில் இதை முதலில் செய்தவர் மோரியோ கசாய் என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர். அதனால்தான் கசாய் ஆபரேஷன் என்ற பெயர். எங்கள் அத்தை முதல் இரண்டு நாள் ஏதோ கஷாயம் கொடுக்கப்போகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று எனக்குக் கிடைத்தது ஒரு மருந்துச் சீட்டும், 'காய்ச்சல் வந்தால் உடனே வரவும்' என்ற ஒரு வரியும்தான். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்தது, நோய் போய்விட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டோம். நோய் போகவில்லை. பித்தநீருக்கு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கல்லீரலுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் தழும்பு மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். அந்த வேகத்தைக் கண்காணிப்பதும், கூடுதல் அடி எதுவும் விழாமல் பார்ப்பதும்தான் இனி வீட்டில் நம் வேலை. அதை எப்படிச் செய்வது என்று நான் படிப்படியாகக் கற்றதை, இன்று டிஸ்சார்ஜ் ஆகி வருகிற ஒரு அம்மாவுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். மருந்தின் அளவை உங்கள் டாக்டர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். நான் சொல்வது, வீட்டில் எதைப் பார்க்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்பதை.

முதல் மாதங்கள்: மலத்தின் நிறம்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் நான்கு விஷயம் எழுதினால் போதும்: மலத்தின் நிறம், சிறுநீரின் நிறம், காய்ச்சல், எத்தனை முறை எவ்வளவு பால். வாரம் ஒருமுறை எடை.

ஆபரேஷனுக்கு முன்னால் என் மகளின் மலம் சுண்ணாம்பைக் குழைத்த மாதிரி இருக்கும். குழந்தை பால்தான் குடிக்கிறது, அதனால் வெள்ளையாகப் போகிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் காலையில் துணியை மாற்றும்போது, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை. முருங்கைக்கீரை மசியலைத் தேய்த்த மாதிரி. அந்தத் துணியைத் துவைக்கப் போடாமல் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் வருகிற டாக்டருக்காக ஒரு மணி நேரம் நின்றேன். பித்தநீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். நான் ஜன்னலோரத்தில் ஒரே இடத்தில் வைத்து போனில் படம் எடுத்துத் தேதிவாரியாகச் சேர்த்தேன். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் மல நிற அட்டை கொடுக்கிறார்கள். ஜப்பானில் 2012 முதல் தாய்சேய் கையேட்டிலேயே அது இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று கிடைக்காததால் போன் படம்தான் என் அட்டை. பச்சை, மஞ்சள், பழுப்பு எல்லாம் நல்ல நிறம். ஒரே ஒரு தடவை வெளுத்தால் மறுநாள் பாருங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று தடவை வெளுத்துப் போனால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ரத்தத்தில் பார்க்க வேண்டிய எண் பிலிருபின், அதாவது மஞ்சள் காமாலையின் அளவு. ஆபரேஷன் ஆகி மூன்று மாதத்துக்குள் மொத்த பிலிருபின் 2க்குக் கீழே இறங்கிவிட்டால், சொந்தக் கல்லீரல் நெடுநாள் தாங்குவதற்கு நல்ல வாய்ப்பு. என் மகளுக்கு ஆபரேஷன் அன்று 9.8. மூன்றாம் மாதம் 1.4. இறங்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை, ஆனால் கல்லீரல் மாற்று பற்றிய பேச்சை அப்போதே தொடங்கிவிட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காய்ச்சல்

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

குடலை நேராகக் கல்லீரலோடு இணைத்திருப்பதால், குடலில் இருக்கும் கிருமிகள் மேலே ஏறிக் கல்லீரலுக்குள் போக வழி இருக்கிறது. அப்படி வரும் பித்தக்குழாய்த் தொற்றுக்குக் கோலஞ்சைட்டிஸ் என்று பெயர். முதல் இரண்டு வருடத்தில்தான் இது அதிகம் வரும். ஒவ்வொரு தடவை வரும்போதும் கல்லீரலில் புதிய தழும்பை விட்டுப்போகும். இதற்கு வாய்வழி சிரப் போதாது. ரத்தத்தில் என்ன கிருமி என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும். மருத்துவமனையில் இரண்டு வாரம் வரைகூட இருக்க வேண்டியிருக்கும்.

அவளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு மழைக்கால ராத்திரி. நெற்றி சுட்டது, தெர்மாமீட்டரில் 101. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆபரேஷன் ஆன குழந்தை என்று சொன்னோம். 'இப்போ எல்லா இடத்திலும் வைரல் ஃபீவர்தான் ஓடுது, ரெண்டு நாள் பாருங்க' என்று சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிரப் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது, குழந்தை சிரித்தாள், நாங்களும் தூங்கினோம். மூன்றாம் நாள் காலையில் கண் மஞ்சள், மலம் வெள்ளை. சென்னைக்கு ஒன்பது மணி நேரப் பயணம். மடியில் அவள் துவண்டு கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும். பதினாறு நாள் வார்டில் இருந்தோம். பிலிருபின் பழைய எண்ணுக்குத் திரும்ப நான்கு மாதம் ஆனது.

அந்தக் கிளினிக் டாக்டரை நான் குறை சொல்லப்போவதில்லை. கசாய் செய்த குழந்தையை அவர் அதுவரை பார்த்திருக்கவே மாட்டார். அவருக்குத் தெரிய வேண்டியதை நான் கையில் கொண்டுபோகவில்லை. அடுத்த செக்கப்பில் எங்கள் சர்ஜனிடம் உட்கார்ந்து ஒரு கடிதம் வாங்கினேன். அதை லேமினேட் செய்து ஒன்று என் கைப்பையில், ஒன்று என் கணவரின் பைக் பெட்டியில், ஒன்று பள்ளியில் வைத்திருக்கிறோம். நீங்களும் டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குழந்தைக்கு என்ன ஆபரேஷன், எந்தத் தேதி. 100.4க்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, மஞ்சள் கூடினாலோ, மலம் வெளுத்தாலோ அதை வேறு காரணம் நிரூபணமாகும்வரை பித்தக்குழாய்த் தொற்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரி. என்னென்ன ரத்தப் பரிசோதனை, எந்த ஆன்டிபயாடிக், எடைக்கு எவ்வளவு. கடைசியில் சர்ஜன் குழுவின் போன் எண். இந்தக் கடிதத்தோடு உங்கள் ஊரிலேயே ஒரு குழந்தைகள் நல மருத்துவரை, குழந்தை நன்றாக இருக்கும் ஒரு நாளில் போய்ப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முதல் அறிமுகம் நடக்கக் கூடாது.

காய்ச்சல் குறைய பாராசிட்டமால் கொடுக்கலாம், எடைக்கு ஏற்ற அளவில். ஆனால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்னொன்று: ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் இரண்டும் இந்தக் குழந்தைகளுக்குக் கூடாது, ரத்தக்கசிவை உண்டாக்கும். காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் எடுத்துக் கொடுக்கிற சில சிரப்புகளில் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபனும் சேர்ந்தே இருக்கும். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படிக்காமல் வாங்காதீர்கள்.

மலத்தைப்போலவே வாந்தியின் நிறத்தையும் பாருங்கள். பச்சையாக வாந்தி எடுத்து வயிறும் உப்பினால் குடல் அடைப்பாக இருக்கலாம். அதுவும் உடனே ஓட வேண்டிய விஷயம்.

பத்தியம் வேண்டாம், சாப்பாடு வேண்டும்

மஞ்சள் காமாலை என்றால் நம் ஊரில் உடனே இரண்டு விஷயம் வரும்: கீழாநெல்லி, பத்தியம். 'எண்ணெய், நெய் எதுவும் கண்ணுல காட்டாதம்மா, வெறும் மோர்சாதம் கொடு' என்று எங்கள் அத்தை சொன்னது பாசத்தில்தான். ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு நேர் எதிர்தான் தேவை. பித்தநீர் சரியாக இறங்காததால் சாப்பிடும் கொழுப்பில் பாதி மலத்தோடு போய்விடும். கல்லீரல் வேறு சத்தை எரித்துக்கொண்டே இருக்கும். அதனால் அதே வயதுக் குழந்தை சாப்பிடுவதைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பத்தியம் போட்டால் குழந்தை வற்றிவிடும்.

நாட்டு மருந்து, பச்சிலை, கண்ணில் விடும் சாறு எதுவும் வேண்டாம். நோயுள்ள கல்லீரலுக்கு எது சுமையாகும் என்று யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. அத்தையிடம் நான் சண்டை போடவில்லை. செக்கப்புக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். அதோடு எம்.சி.டி. எண்ணெய் என்று ஒன்று எழுதித் தருவார்கள். பித்தநீர் இல்லாமலே செரிக்கும் கொழுப்பு அது. கொதிக்கும்போது ஊற்றாமல், கேழ்வரகுக் கஞ்சியோ பருப்புசாதமோ ஆறிய பிறகு கலந்து கொடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் வயிற்றுப்போக்கு வரும், அரை ஸ்பூனில் தொடங்குங்கள். தேங்காய் எண்ணெயே போதாதா என்று பலர் கேட்பார்கள். அதில் அந்த வகைக் கொழுப்பு கொஞ்சம் உண்டு, ஆனால் அளவில் அது ஈடாகாது. முட்டை, பருப்பு, மீன், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

எடை ஏறுகிறது என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கல்லீரல் வீங்கினாலும், வயிற்றில் நீர் சேர்ந்தாலும் எடை ஏறும், கை கால் குச்சியாகவே இருக்கும். அங்கன்வாடியில் மேல்கைச் சுற்றளவு பார்க்க சிவப்பு, மஞ்சள், பச்சை போட்ட ஒரு டேப் வைத்திருப்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை அதில் மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். எங்கள் அங்கன்வாடி டீச்சர் ஒரு டேப்பைக் கையிலேயே கொடுத்துவிட்டார். செக்கப்பில் டாக்டர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஏ, டி, ஈ, கே இந்த நான்கு விட்டமினும் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். அதனால் தனியாகக் கொடுக்க வேண்டும், சில வருடங்களுக்குத் தொடர்ந்து. டி குறைந்தால் எலும்பு வளையும். ஏ குறைந்தால் மாலைக்கண். ஈ குறைந்தால் நரம்பு தளர்ந்து நடை தடுமாறும். கே குறைந்தால் ரத்தம் உறையாது. காரணமில்லாமல் கன்றிப்போன நீலத் திட்டு, நிற்காத மூக்கு ரத்தம், ஊசி போட்ட இடத்தில் கசிவு, இவற்றைப் பார்த்தால் ரத்தம் சரியாக உறைகிறதா என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். விட்டமின் கே சிலருக்கு ஊசியாகவே தேவைப்படும். அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் விட்டமின் ஏ திரவத்தைக் கொடுக்க நர்ஸ் வந்தால், குழந்தை ஏற்கெனவே விட்டமின் ஏ எடுக்கிறது என்று சொல்லி டாக்டரைக் கேட்ட பிறகே கொடுங்கள். கூடினால் அதுவும் கல்லீரலுக்குக் கெடுதல்.

இனிப்பான சிரப்புகள் பல்லைச் சொத்தையாக்கும். மருந்து கொடுத்ததும் ஒரு வாய் தண்ணீர். மஞ்சள் காமாலை நெடுநாள் இருந்த குழந்தைக்குப் பால் பல் பச்சை படிந்த மாதிரி வரலாம். பயப்பட வேண்டாம்.

தடுப்பூசியும் காதுகுத்தும்

அட்டவணைத் தடுப்பூசி எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஹெபடைட்டிஸ் ஏ, பி, நிமோகாக்கல், அம்மை, சின்னம்மை, வருடந்தோறும் ஃப்ளூ எல்லாம் போட்டு முடித்துவிட வேண்டும். கல்லீரல் மாற்று நடந்துவிட்டால் அம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகளைப் பெரும்பாலும் போட முடியாது. அதனால் முன்கூட்டியே.

குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும் எங்கள் வீட்டில் பதினொன்றாம் மாதம் என்று முடிவு செய்திருந்தார்கள். நான் தள்ளிப்போடச் சொன்னபோது பெரிய வருத்தம். ஒன்றரை வயதில் ஐ.என்.ஆரும் பிளேட்லெட்டும் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு, மாமா மடியில் வைத்துக் குத்தினோம். மொட்டைக்குப் புது பிளேடு. ரத்தம் கசியவில்லை. சடங்கை விடச் சொல்லவில்லை, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள் என்கிறேன்.

மூன்று வயதுக்கு மேல் வயிற்றைக் கவனியுங்கள்

தழும்பேறிய கல்லீரல் வழியாக ரத்தம் எளிதாகப் போகாது. அது வேறு வழி தேடும். மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாயில் இருக்கும் ரத்தக் குழாய்கள் புடைக்கும். என் மகளுக்கு நான்கு வயதில் இடது விலா எலும்புக்குக் கீழே கை வைத்தால் மண்ணீரல் தட்டுப்பட்டது. அப்போதிருந்து வருடம் ஒருமுறை எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு, பார்க்கிறார்கள். ஒருமுறை புடைத்த குழாய்க்கு ரப்பர் வளையம் போட்டார்கள். மயக்கம் கொடுத்துச் செய்வதால் அவளுக்கு எதுவும் தெரியவில்லை, மதியம் ஐஸ்கிரீம் கேட்டாள்.

தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக மலம் போனாலோ, ரத்தம் வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். இரும்புச்சத்து டானிக் குடித்தாலும் மலம் கறுக்கும், அதனால் டானிக் தொடங்கிய தேதியை நோட்டில் குறித்து வைத்தால் குழப்பம் வராது.

மண்ணீரல் பெரிதாக இருக்கும்வரை வயிற்றில் அடிபடக் கூடாது. கபடி, மதில் மேலிருந்து குதிப்பது, பைக் டேங்க்கில் உட்கார வைப்பது வேண்டாம். சைக்கிள் ஹேண்டில் வயிற்றில் குத்தும், கவனம். ஓட்டம், ஸ்கிப்பிங், நடனம் எல்லாம் தாராளமாகச் செய்யட்டும். பள்ளியில் பி.டி. டீச்சரிடம் 'இவளுக்கு விளையாட்டே வேண்டாம்' என்று சொல்லிவிடாதீர்கள், எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். என் மகள் இரண்டு வருடம் கிரவுண்ட் ஓரத்தில் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூச்சையும் பாருங்கள். கல்லீரல் நோயில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் விரிந்து ஆக்சிஜன் குறையலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்தால் நடுவில் சின்ன வைர வடிவத்தில் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்து மறைந்து, விரல் நுனி பருத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பாருங்கள். நிற்கும்போது குறைந்தால் அதையும் எழுதுங்கள்.

ராத்திரி முழுக்கச் சொறிகிற குழந்தைக்கு நகத்தை ஒட்ட வெட்டி, பருத்திச் சட்டை போட்டு, டாக்டரிடம் மருந்து கேளுங்கள். அரிப்பைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை, அதற்கு மருந்துகள் இருக்கின்றன.

கல்லீரல் மாற்று என்று சொன்னால்

கசாய் நன்றாக வேலை செய்த குழந்தைகளிலும் பலருக்கு இருபது வயதுக்குள் மாற்று தேவைப்படுகிறது. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று செய்யப்படுவதற்கு முதல் காரணமே இந்த நோய்தான். அதனால் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னால், நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கசாய் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு வருடமும் குழந்தை வளர்வதற்குக் கிடைத்த வருடம். வளர்ந்த உடம்பு மாற்றைத் தாங்கும்.

1998இல் டெல்லியில், இந்தியாவில் முதல்முறையாக ஒரு குழந்தைக்குக் கல்லீரல் மாற்று வெற்றிகரமாக நடந்தது. அந்தக் குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. இதே நோய், இரண்டு வயதுகூட ஆகவில்லை. அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். அந்தப் பையன் வளர்ந்து டாக்டராகிவிட்டார். வார்டில் அழுதுகொண்டிருந்த என்னிடம் ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

மஞ்சள் இறங்காதது, தொற்று திரும்பத் திரும்ப வருவது, வளர்ச்சி நிற்பது, வயிற்றில் நீர், ரத்த வாந்தி, ஆக்சிஜன் குறைவது, இவைதான் மாற்றைப் பற்றிப் பேச வைக்கும் காரணங்கள். தேவை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்ய வேண்டியவை உண்டு. அப்பா, அம்மா இருவரின் ரத்தப் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்குப் பெரியவரின் கல்லீரலில் இடப்பக்கத்து ஒரு சிறு பகுதி போதும், கொடுத்தவருக்கு அது திரும்ப வளரும். ஆனால் கொடுப்பவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருக்கக் கூடாது. என் கணவர் ஆறு வருடமாக எடையைக் கட்டுக்குள் வைத்திருப்பது அதற்காகத்தான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் அலையக் கூடாது.

இப்போது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், ஏ.எஃப்.பி. என்ற கட்டிக்கான பரிசோதனை. தழும்பேறிய கல்லீரலில் அபூர்வமாகக் கட்டி வரலாம் என்பதால், குழந்தை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை விடக் கூடாது. சந்திப்புகளைத் தவறவிடுவது பெரும்பாலும் எல்லாம் நன்றாக இருக்கும் வருடங்களில்தான்.

எட்டு வயதிலிருந்து மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாள். நான் எண்ணிப் பார்ப்பேன், அவ்வளவுதான். 'எனக்குக் கசாய் ஆபரேஷன் ஆகியிருக்கு. காய்ச்சல் வந்தா பிளட் கல்ச்சர் எடுக்கணும். ஐபுபுரோஃபன் ஆகாது.' இந்த மூன்று வாக்கியத்தையும் திருக்குறள் மாதிரி மனப்பாடமாகச் சொல்வாள். சுற்றுலா போகும்போது நான் கூட இருக்க மாட்டேன் அல்லவா? போன தடவை நோட்டில் எடையை அவளே எழுதினாள்: 28.4. பக்கத்தில் உயரத்தையும் எழுதி, போன வருடத்தை விட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கழித்துப் பார்த்தாள்.

ஸ்கேன் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். அதனால் காலை முதல் சந்திப்பாகக் கேட்டு வாங்குங்கள். ரத்தமும் ஸ்கேனும் முடிந்ததும் கொடுக்க நான்கு இட்லியும் பொடியும் கட்டி எடுத்துப்போங்கள். கேன்டீன் வரிசையில் நிற்கும் நேரம் வரை குழந்தை தாங்காது.